முதல் நாள் வழியனுப்பு

தெருவில் அவளுக்கு மூணுமாசக்காரி என்று பெயர். வைத்தது யார் என்று விசாரித்தால் ஆளுக்கொரு வீட்டைக் காட்டுவார்கள். குடிவந்த அன்று கேட்டைப் பிடித்தபடி நின்ற மாடிவீட்டம்மாள், சாமான் இறக்கி முடிப்பதற்குள் எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். புருஷன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எந்த ஊரிலும் மாடி உண்டு, மாடி இருந்தால் லிஃப்ட் உண்டு, லிஃப்ட் இருந்தால் அது பாதியில் நிற்கும் என்பதால் அவன் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வான். ஒரே பெண், ஒன்பது வயது. இவளுக்கு மனிதவளத் துறையில் வேலை.

"அப்படின்னா?" என்றாள் மாடிவீட்டம்மாள்.

"கம்பெனிக்கு ஆள் எடுக்கறது, எடுத்த ஆளைப் பாத்துக்கறது, போற ஆளை அனுப்பி வைக்கறதும்மா."

"அடேயப்பா. அப்ப உனக்கு வேலை போகவே போகாது."

"எனக்கு மூணு மாசம்தாம்மா. ஒப்பந்தம்."

"அப்புறம்?"

"அப்புறம் வேற ஊர்ல மூணு மாசம். அதிர்ஷ்டம் இருந்தா ஆறு."

ஊருக்கெல்லாம் வேலை போட்டுக்கொடுக்கிறவளுக்குச் சொந்தமாக ஒரு வேலை இல்லை என்ற சேதி, சாயங்காலத்துக்குள் தெருமுனைச் சலவைக்கடை வரை போய், அங்கே இரண்டு தரம் மடிப்பு வைக்கப்பட்டுத் திரும்பி வந்தது.

அவளுக்கு அதெல்லாம் பழக்கம். பழகாத விஷயம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. பெண்ணுக்கு நாலு வருஷத்தில் இது ஆறாவது பள்ளி. சேர்த்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, டீச்சர் கூப்பிட்டனுப்பினாள்.

"உங்க பொண்ணு படிக்குது, எழுதுது, எல்லாம் சரி. ஆனா வருகைப் பதிவு எடுக்கறப்ப மட்டும் பதிலே சொல்றதில்ல. எனக்கு எதிர்லயே உக்காந்திருக்கு, பேரைக் கூப்பிட்டா சுவரைப் பாக்குது. ஏன்னு கேட்டேன். 'எப்படியும் என் பேரை அடிச்சிடத்தானே போறீங்க மிஸ்'ங்குது."

அன்று சாயங்காலம் மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் சொன்னாள். "இனிமே எங்கேயும் போக மாட்டோம். அம்மா இங்க நிரந்தரம் ஆகப் போறேன். சத்தியம்."

பெண் கொஞ்சம் யோசித்தது. "எத்தனை மாசத்துக்கும்மா இந்தச் சத்தியம்?"

பத்து வருஷ அனுபவத்தில் எத்தனையோ பேரின் எத்தனையோ கேள்விக்கு அசராமல் பதில் சொன்னவள், மகளின் பின்னலை அவிழ்த்து மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.

*

வேலையில் சேர வேண்டிய நாளன்று, ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடத்துக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டாள். நேராக மூன்றாம் மாடிக் கூட்ட அறைக்குப் போகச் சொன்னார்கள். உள்ளே நாற்பது பேர் நின்றிருந்தார்கள். நடுவே மேஜை, மேஜைமேல் கேக், சுவரில் 'சென்று வருக' என்று ஒரு பதாகை. பாவம், யாரோ போகிறார்கள் என்று நினைத்தாள். வந்த இடத்தில் மரியாதை தவறக்கூடாதே என்று பின்வரிசையில் நின்று மற்றவர்களோடு கைதட்டினாள்.

மனிதவள இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார். உருண்டையான குரல், உருண்டையான ஆள்.

"இவரோடு பழகிய நாட்களை நாம யாரும் மறக்க முடியாது. எத்தனை நாட்கள்ங்கிறது முக்கியமில்ல. இவர் இருந்த இடம் தெரியாது, அவ்வளவு அடக்கம். கோபமா ஒரு வார்த்தை இவர் வாயிலேர்ந்து இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. இவருடைய அந்தச் சிரிப்பு…" என்று நிறுத்திக் கூட்டத்துக்குள் தேடினார். யாரோ அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்தாள். "…இதோ, இந்தச் சிரிப்பு. இனிமே இதை நாம எங்கே பார்ப்போம்?"

வரவேற்பு மேஜைப் பெண் மூக்கை உறிஞ்சினாள். யாரோ கத்தியைக் கையில் கொடுத்தார்கள். கேக்கில் அவள் பெயர் இருந்தது.

பக்கத்தில் நின்ற மாண்பு அதிகாரியின் காதில் மெல்லச் சொன்னாள். பணியாளர்களின் மாண்பு குறையாமல் பார்த்துக்கொள்வதற்கென்றே அங்கே ஓர் அதிகாரி உண்டு. "சார், நான் இன்னிக்குத்தான் சேர வந்திருக்கேன்."

"அதனாலதாம்மா இன்னிக்கு வெச்சிருக்கோம்," என்றார் அவர். "ஒப்பந்தக்காரங்களுக்குக் கடைசி நாள் காலையிலேயே நுழைவுக் கார்டு செத்துடும். உள்ள வர முடியாது. கேட்டுக்கு வெளிய நிக்கறவங்களுக்கு எப்படி விழா எடுக்கறது? போன வருஷம் ஒருத்தருக்குக் கம்பி வழியா கேக் ஊட்டினோம். க்ரீமெல்லாம் கம்பியில. அது மாண்பா? நீங்களே சொல்லுங்க. அதுக்கப்புறம்தான் மாண்பை முன்கூட்டியே கொடுத்துடறதுன்னு முடிவு பண்ணினோம்."

விழா முடிந்த கையோடு விலகல் நேர்காணல் நடந்தது. முதல் கேள்வி: 'எங்களை விட்டு ஏன் செல்கிறீர்கள்?'

"நான் போகலையே சார்."

"அந்தக் கட்டம் இல்லம்மா. இருக்கறது நாலு. சொந்த வளர்ச்சி, குடும்பம், உடல்நிலை, இயற்கை எய்தியது. ஒண்ணுல டிக் பண்ணுங்க."

அவளே இப்படி நூறு பேரிடம் படிவம் வாங்கியவள்தான். வெற்றுக் கட்டம் உள்ள படிவம் திரும்பி வரும், திரும்பி வந்தால் சேர்க்கை நின்றுபோகும் என்று அவளுக்குத் தெரியும். நான்கையும் எடை போட்டுப் பார்த்துவிட்டு, சொந்த வளர்ச்சியில் டிக் செய்தாள். 'இங்கே உங்களுக்கு மிகவும் பிடித்தது எது?' என்ற கேள்விக்கு, அதுவரை பார்த்தது ஒன்றுதான் என்பதால், கேக் என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். தாளின் மறுபக்கத்தில் சேர்க்கைப் படிவம் இருந்தது. அதிலும் போட்டாள்.

*

மறுநாள் காலையில் உள்ளே நுழைந்தவளைக் கண்டு வரவேற்புப் பெண் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நீங்க… போயிட்டீங்களே?"

"மூணு மாசம் கழிச்சுதாங்க."

"ஐயோ, நேத்து நான் எப்படி அழுதேன் தெரியுமா?" என்றாள். குரலில் ஏமாந்துபோன மனுஷியின் வருத்தம் இருந்தது. நாலாம் நாளிலிருந்து இவள் உள்ளே வந்தால் அந்தப் பெண் தலை நிமிரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அழுது தீர்த்த ஒருவருக்குத் தினமும் வணக்கம் சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

எல்லாரும் அப்படித்தான். லிஃப்டில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். தேநீர்ப் பட்டியலில் அவள் பெயர்மேல் கோடு. கூட்டத்தில் ஏதாவது சொன்னால், கொஞ்சம் பொறுத்து இயக்குநர் அதையே தனக்குத் தோன்றியதுபோலச் சொல்லிவிட்டு, "இங்க ஒருத்தங்க இருந்தாங்க, அவங்ககூட இப்படித்தான் நினைச்சிருப்பாங்க" என்பார். பேசும்போது அவர் கண் அவள் தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் நிற்கும்.

அவளுக்குக் கொடுத்த இடம் மூன்றாம் மாடியின் கடைசி அறை. நடந்தால் தானாக எரிகிற விளக்குகளை அந்த நடையில் மட்டும் பிடுங்கியிருந்தார்கள், ஆள் நடமாட்டம் இல்லாத இடம் என்று. அறைக்குள் இன்னொருத்தி இருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பதினோரு வருஷமாக மூன்று மூன்று மாத ஒப்பந்தம். புதுப்பிக்கும்போதெல்லாம் முறைப்படி வழியனுப்பு நடந்தாக வேண்டும் என்பதால் இதுவரை நாற்பத்துநாலு கேக் வெட்டியிருக்கிறாள். அவளைக் கேக் அக்கா என்று வைத்துக்கொள்வோம், அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கேக் அக்கா சுவரை ஒட்டி நடப்பாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்துவாள்.

"மெதுவா தட்டும்மா," என்றாள் முதல் நாளே, தட்டச்சுப் பலகையைக் காட்டி. "அந்தப் பக்கம் கணக்குப் பிரிவு. பயந்துக்கறாங்க."

"எதுக்குக்கா?"

"ஆளில்லாத அறையில சத்தம் கேட்டா பயமா இருக்காதா? பாவம், புள்ளகுட்டிக்காரங்க."

"நீங்க இருக்கீங்கன்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. என் பொண்ணு கல்யாணத்துக்கு ஒவ்வொரு மேஜையிலயும் பத்திரிகை வெச்சேன். அவ்வளவுதான், அன்னிக்கு மூணு பேருக்குக் காய்ச்சல்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பிலும் சத்தம் இல்லை.

மூணுமாசக்காரிக்குக் கொடுத்த வேலை என்ன என்று இதுவரை சொல்லவில்லை. இந்த நிறுவனத்தில் ஆட்கள் ஏன் நிலைத்து நிற்பதில்லை என்று மூன்று மாதத்துக்குள் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும். அதே அறிக்கையை அவளுக்கு முன்னால் ஒன்பது பேர் ஆரம்பித்திருந்தார்கள். யாரும் முடிக்கும்வரை இருக்கவில்லை.

ஆறாவது வாரத்தில் மனிதவளப் பிரிவுக்கு ஒரு புகார் வந்தது. கணக்குப் பிரிவில் பதினெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'மூன்றாம் மாடிக் கடைசி அறையில் நடமாட்டம் உள்ளது. யாரும் இல்லாதபோது அச்சு இயந்திரம் ஓடுகிறது. நேற்று ஒரு பெண் தும்மும் சத்தம் கேட்டது. தக்க நடவடிக்கை எடுக்கவும்.' புகார்களை விசாரிப்பது மனிதவளப் பிரிவின் கடமை. இயக்குநர் ஓரத்தில் 'நேரில் ஆய்வு செய்க' என்று எழுதி அனுப்ப, மேஜை மேஜையாக நகர்ந்து, பிரிவிலேயே கடைநிலையில் இருந்த அவளிடம் வந்து சேர்ந்தது அது.

அவள் எழுந்து, கதவுக்கு வெளியே போய், தட்டி, உள்ளே வந்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். கேக் அக்கா காலை ஒதுக்கி இடம் கொடுத்தாள்.

"என்னன்னு எழுதப் போற?"

"என்னன்னுக்கா எழுதறது? ரெண்டு பேர் இருக்கோம்னு எழுதினா ஏற்கெனவே வழியனுப்பினவங்க எப்படி உள்ள வந்தாங்கன்னு கேப்பாங்க."

"அப்ப உண்மையை எழுது."

அவள் எழுதினாள். 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அறையில் எவரும் இல்லை.' கையெழுத்துப் போட்டாள். அறிக்கை அன்றைக்கே ஏற்கப்பட்டது. சேர்ந்த நாளிலிருந்து அவள் எழுதியதில் திருத்தம் கேட்காமல் ஏற்கப்பட்டது அது ஒன்றுதான்.

வீட்டிலும் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. அடுப்படியில் அவள் நிற்பது தெரியாமல் புருஷன் விளக்கை அணைத்துவிட்டுப் போனான். மகள் திரும்பிப் பார்த்துத் துள்ளி விழுந்தது. "எப்பம்மா வந்தே? சொல்லிட்டு வரக் கூடாதா?" தெருவிலும் தண்ணீர் பிடிக்கிற வரிசையில் அவளுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

*

பத்தாவது வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். பணியாளர் தக்கவைப்பு அலுவலர். ஓர் இடம். நிரந்தரம்.

அன்று மகள் பள்ளியிலிருந்து ஒரு படத்தோடு வந்திருந்தது. இரண்டு பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற படம். "இது நான். இது என் ஃப்ரெண்டு," என்றது. ஃப்ரெண்டு என்ற சொல்லை அது இந்த நாலு வருஷத்தில் உபயோகித்ததில்லை. அவள் உடனே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினாள்.

நேர்காணல் அறையில் புரொஜெக்டருக்காகத் திரைகளை இழுத்து இருட்டாக்கியிருந்தார்கள். இயக்குநர், மாண்பு அதிகாரி, ஒருநாள் ஒப்பந்தத்தில் வந்த வெளி நிபுணர் என மூன்று பேர். எதிரே அவள் உட்கார்ந்தாள். மேஜை நடுவில் அவளுடைய கோப்பு.

"ஒரு நடைமுறைச் சிக்கல்," என்று மாண்பு அதிகாரி தொண்டையைச் செருமினார். "வேட்பாளர் ஏற்கெனவே விலகினவர். விலகினவங்களை நாம கேள்வி கேக்க முடியாது, அது அவங்க மாண்புக்குக் குறைவு. ஆனா கோப்பைக் கேக்கலாம். கோப்பு இருக்கு."

மூன்று பேரும் ஆளுக்கொரு கையைக் கோப்பின்மேல் வைத்துக்கொண்டார்கள். பக்கம் புரண்டுவிடக் கூடாதாம்.

"இந்த நிறுவனத்தை அவங்களுக்குப் பிடிச்சிருந்ததா?" என்று இருட்டைப் பார்த்துக் கேட்டார் இயக்குநர்.

"பிடிச்சிருக்கு சார்," என்றாள் அவள்.

மாண்பு அதிகாரி சிலிர்த்துக்கொண்டார். "ஏசியைக் கொஞ்சம் குறைக்கலாமா? என்னமோ கேட்ட மாதிரி இருந்தது." கோப்பைப் புரட்டினார். "கேக் பிடிச்சிருந்ததா எழுதியிருக்காங்க."

"எளிமையான மனசு," என்றார் இயக்குநர். " மூணு மாசமும் ஒரு நாள் லீவு எடுக்கல. ஒரு குறை சொல்லல. இந்தப் பதினெட்டுப் பேர் புகாரை ஒரே நாள்ல முடிச்சாங்க."

"சார், நான் இங்கதான் இருக்கேன். என் பொண்ணு இங்க படிக்கிறா. எனக்கு இந்த வேலை வேணும் சார்."

வெளி நிபுணர் மட்டும் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மதியம் பன்னிரண்டு; அவருடைய ஒருநாள் ஒப்பந்தம் பாதியில் இருந்தது. வாயை மூடிக்கொண்டு இன்னொரு பிஸ்கட்டை எடுத்தார்.

இயக்குநர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றினார். "இந்த மாதிரி ஒருத்தர் நமக்குக் கிடைப்பாங்களான்னு ஊரெல்லாம் தேடறோம். இருக்கறப்ப நமக்கு அருமை தெரியறதில்ல. நான் வெளிப்படையாவே சொல்றேன், ஆளைத் தக்கவைக்கறது எப்படின்னு இருபது வருஷமா மேடை மேடையாப் பேசறேன். எனக்குத் தெரிஞ்ச வரைக்கும், போனவங்கதான் நிலைச்சு நிக்கறாங்க. இவங்களுக்கே கொடுத்துடலாம்."

மூன்று கைகளும் கோப்பைத் தட்டின. தீர்மானம் நிறைவேறியது.

*

மறுநாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். மேஜைமேல் இரண்டு உறைகள்.

"நல்ல சேதி. அவங்களுக்கு நிரந்தரம் ஆயிடுச்சு."

"யாருக்கு சார்?"

"உங்களுக்கு முன்னாடி அந்த அறையில இருந்தவங்களுக்கு."

"எனக்கு முன்னாடி இருந்ததும் நான்தான் சார்."

"அப்படிக்கூட வெச்சுக்கலாம்," என்றார் பெருந்தன்மையோடு. "ஆனா அவங்க இப்ப இல்லையே. விலகிட்டாங்க. அவங்க வர்ற வரைக்கும் அந்த இடத்தைக் காலியா விட முடியாது. மூணு மாசத்துக்கு ஒரு ஆள் வேணும். உங்க முகம் எனக்கு எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு, அதனால நேர்காணல் வேண்டாம்னுட்டேன்."

"அவங்க எப்ப சார் வருவாங்க?"

"இடம் காலியானதும் வந்து சேரலாம். இப்ப அதுல நீங்க இருக்கீங்க."

"நான் விலகிட்டா?"

"விலகினவங்க ஆறு மாசத்துக்கு இந்த வாசல்ல நுழையக் கூடாது. அதுக்குள்ள நாம வேற ஆள் போட்டிருப்போம்." அவர் குரல் இளகியது. "உங்களுக்கு ஒரு யோசனை சொல்றேன். போட்டி மனப்பான்மை வேண்டாம். அவங்க இடத்தைப் பிடிக்கணும்னு நினைக்காதீங்க. அவங்க ரொம்ப நல்லவங்க."

விலகினால் வேறு ஊர், ஏழாவது பள்ளி, சுவரைப் பார்க்கிற மகள். நிரந்தர உத்தரவு ஒன்று, மூணு மாச ஒப்பந்தம் ஒன்று என்று அவள் இரண்டு உறைகளையும் வாங்கிக்கொண்டாள். கூட்ட அறையில் கேக் தயாராக இருந்தது.

புது அறையில் ஜன்னல் இருந்தது, கதவில் அவள் பெயர் பொறித்த பலகை இருந்தது, சுழல் நாற்காலி பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அதில் உட்காரக் கூடாது என்று மாண்பு அதிகாரி சொல்லிவிட்டுப் போனார், அது அவங்களுடையது. பக்கத்தில் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். கேக் அக்கா சுவரோரமாக நடந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"வாழ்த்து சொல்லலாம்னு வந்தேன். நானும் மூணாவது வருஷமே நிரந்தரம் ஆயிட்டேன்மா."

"அப்புறம்?"

"நான் இன்னும் வரலை," என்று சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.

அந்த வாரம் முழுக்கத் தொலைபேசி ஓயவில்லை. நிரந்தர அதிகாரி என்றால் தேடுவதற்கு நாலு பேர் இருப்பார்கள். அவள் பெயரைச் சொல்லி, "இருக்காங்களா?" என்பார்கள். முதல் நாள் இரண்டு தரம் "நான்தாங்க" என்று சொல்லிப் பார்த்தாள். "இல்லம்மா, அந்த மேடத்தோட பேசணும்" என்றார்கள். மூன்றாம் நாளில் தானாகவே வாயில் வந்துவிட்டது. "இப்ப சீட்ல இல்லீங்க. ஏதாவது சொல்லணுமா? வந்ததும் சொல்லிடறேன்." குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதி வைத்தாள். சில சமயம் முக்காலியில் உட்கார்ந்து அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஜன்னல் வெளிச்சம் பாலிதீனில் விழும்போது, யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல் ஒரு பள்ளம் தெரியும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டு கடிதங்களையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புருஷன் நிரந்தர உத்தரவை மட்டும் படித்துவிட்டு, "அடி சக்கை!" என்று கத்தினான். மாடிவீட்டம்மாள் படியிறங்கி வருகிற சத்தம் கேட்டது. தெருவில் இனி அவளுக்கு வேறு பெயர் பார்க்க வேண்டும்.

மகள் மேஜையில் உட்கார்ந்து இரண்டு தாளையும் விரலை ஓட்டிப் படித்தது. படித்து முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தது.

"இந்தத் தாள்ல இருக்கறது யாரும்மா?"

"நான்தான் கண்ணு."

"இதுல?"

"அதுவும் நான்தான்."

"அப்ப இந்த நிரந்தரமா இருக்கற அம்மா எப்ப வருவாங்க?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வந்தது இதுதான்.

"இப்ப சீட்ல இல்லீங்க. ஏதாவது சொல்லணுமா? வந்ததும் சொல்லிடறேன்."

புருஷனின் சிரிப்பு பாதியில் நின்றது. மகள் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தது. பிறகு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தது.

"சொல்லணும்."

அவள் கை பேனாவைத் தேடி எடுத்தது. தாளின் மூலையில் நேரத்தைக் குறித்துக்கொண்டது.

"எனக்கு இந்தப் பள்ளிக்கூடம் பிடிச்சிருக்கு. ஜன்னல் பக்கம் உக்கார்ற பொண்ணுகிட்ட, அடுத்த வருஷமும் இருப்பேன்னு சொல்லிட்டேன். அதைச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன். யார் பேசினாங்கன்னு சொல்லட்டும்?"

மகள் தன் முழுப் பெயரைச் சொன்னது. தலைப்பெழுத்தோடு, சத்தமாக, வாசலில் நின்ற மாடிவீட்டம்மாளுக்கே கேட்கும்படி. அவள் ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டாள்.

"திரும்பக் கூப்பிடச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்," என்றது பெண். "நேர்ல வரச் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அதையும் எழுதிக்கொண்டாள்.